நான்காம் கட்டம்

ஞாயிறு இரவுகளில் சமையல் மேசையில் உட்கார்ந்து
வரப்போகும் வாரத்தைக் கட்டம் கட்டமாக வெட்டுகிறேன்.
நோக்கம். பொருட்கள். நேரம்.
நான்காவது: குடும்பப் பங்கேற்பு.
குதைசி நகரத்தில், ரியோனி ஆற்றுக்கு இந்தப் பக்கம்,
எங்கள் மழலையர் பள்ளியில்
அந்தக் கட்டம் எப்போதும் வெள்ளையாகவே கிடக்கும்.
பெற்றோர் வாசல்வரை வருவார்கள்,
குட்டி மேலங்கியைக் கொக்கியில் மாட்டுவார்கள்,
மூக்கைத் துடைத்துவிட்டுப் பேருந்துக்கு ஓடுவார்கள்.
குற்றம் சொல்லவில்லை.
நானும் அதே பேருந்துக்கு ஓடுகிறவள்தான்.

இந்த வாரம் எழுதினேன்:
செவ்வாய், காலை பத்து, ரொட்டி.
நூத்சாவின் அப்பா மல்ஹாஸ் மாவு பிசைந்து காட்டுவார்.
பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பார்கள், முகர்வார்கள்,
புதிதாக மூன்று சொற்கள் கற்பார்கள்.
இருபது நிமிடம்.

வந்தார்.
ஒரு கையில் ஈரத்துணி மூடிய நீல வாளி,
மறு கையில் மகள்.
புருவமெல்லாம் மாவு.
இரவு ஒரு மணியிலிருந்து
அடுப்புக் குழிக்குள் குனிந்து குனிந்து நிமிர்ந்த முதுகு.
நாலு வயதுக்கான நாற்காலியில் உட்கார்ந்தார்,
முழங்கால் மோவாயைத் தொட்டது.
வருகைப் பதிவை வாசித்தேன்.
கேகா. லீசி. தோர்னிகே.
தலையை நிமிர்த்தினால்
மல்ஹாஸ் தூங்கிப்போயிருந்தார்.

எழுப்பப் போனேன்.
நூத்சா குறுக்கே வந்து நின்றாள்.
"அப்பாவுக்கு இப்போ ராத்திரி."

தூங்குகிறவரை எழுப்பலாம்,
தூங்குவதுபோல் நடிப்பவரை எழுப்ப முடியாது என்பார்கள்.
என் வகுப்பில் தினமும் மதியம் ஒன்றரைக்குப்
பதினாறு கட்டிலில் பதினாறு நடிகர்கள்.
நிஜத் தூக்கத்தை இவர்கள் இவ்வளவு பக்கத்தில்
பார்த்ததில்லையோ என்னவோ.
வட்டமாகச் சூழ்ந்துகொண்டார்கள்.
செப்டம்பரிலிருந்து ஒரு மதியமும் படுக்கையில் தங்காத,
தலையணையைக் கப்பலாக்கி ஓட்டுகிற தோர்னிகே
உதட்டில் விரல் வைத்து
என்னை அதட்டினான்.
கேகா தன் வாத்துப் போர்வையைக் கொண்டுவந்தான்.
அது ஒரு முழங்காலை மூடியது.
இன்னொரு முழங்காலுக்கு
மேசைத் துணி.

மூச்சை எண்ணினார்கள், கிசுகிசுப்பாக.
பதினொன்று வரை போய்த் தவறினார்கள்,
முதலிலிருந்து தொடங்கினார்கள்.
(எண் பாடம் வியாழக்கிழமைக்கு வைத்திருந்தேன்.)
லீசிதான் முதலில் வாளியைப் பார்த்தாள்.
துணி மெல்ல மேலெழும்பிக்கொண்டிருந்தது.
"இதுவும் மூச்சு விடுது,
ஆனா உள்ளே மட்டும் இழுக்குது, வெளியே விடமாட்டேங்குது."
யாரும் தொடவில்லை.
மாவு விளிம்பைத் தாண்டி
வாளியின் பக்கவாட்டில் வழிந்து இறங்கியது.
அதை எழுப்பவும் அவர்களுக்கு மனம் வரவில்லை.

நாற்பது நிமிடம்.
சமையலறையில் சியாலா மூடியைக் கீழே போட்டாள்.
மல்ஹாஸ் துள்ளி எழுந்தார்,
இடுப்போடு நாற்காலியும் எழுந்தது.
அவ்வளவு நேரம் அடக்கிய சிரிப்பெல்லாம்
ஒரே சமயத்தில் வெடித்தது.
அவர் முகம் தாழ்ந்தது.
"நான் எதையும் காட்டவே இல்லையே, ஆசிரியையே."
புளித்துப் பொங்கிய மாவைப் பார்த்து
ஒரு தொழில்காரனின் கெட்ட வார்த்தையை
வாய்க்குள்ளேயே மென்று விழுங்கினார்.
தோர்னிகேக்குக் கேட்டுவிட்டது.
புதிய சொல் ஒன்றாவது கிடைத்தது.

சியாலா திட்டிக்கொண்டே சுட்டுக் கொடுத்தாள்.
தட்டையாக, ஒரு பக்கம் கருகி,
புளிப்பு கன்னத்தை உள்ளே இழுத்தது.
ஒரு துண்டும் மிஞ்சவில்லை.

இரவு படிவத்தை எடுத்தேன்.
நோக்கம் நிறைவேறியதா? இல்லை.
நேரத்துக்குள் முடிந்ததா? இல்லை.
நான்காம் கட்டத்தில் நிறைய எழுதினேன்,
ஓரத்திலும் எழுதினேன், இடம் போதவில்லை.
மறுமுறை மாற்ற வேண்டியவை என்ற வரியில்:
பெரிய நாற்காலி ஒன்று.
சியாலாவிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கவும்.